மூச்சு வாங்க விடாத ஆட்டம்

போன மாதம் துபாயிலிருந்து ஷைனி கூப்பிட்டாள். தூத்துக்குடிப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பில் என் இடத்துக்கு வந்த நர்ஸ். புதிதாக வந்திருக்கும் கோச், முன்வரிசைக்கு நூற்றிருபது கிலோவுக்குக் குறைந்த ஆள் வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாராம். எதிரணி எவ்வளவு வேகமாக ஆடினாலும் கனம்தான் ஜெயிக்கும் என்று கூட்டம் போட்டுப் பேசினாராம். "அண்ணா, நீங்க இருந்தப்போ இப்படி ஒருத்தர் இருந்தாராமே, என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. குளச்சல் பக்கம் கடற்கரைக் கிராமம். நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தேன். சவுதியில், ஜுபைலில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை கிளினிக்கில் பதினோரு வருடம். அங்கே கோடையில் ஆட்கள் சரிந்து விழுவதைப் பார்த்துப் பார்த்து, வெயில் மனிதனை என்ன செய்யும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு துபாய். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமைகளில் இந்தக் கிளப்பின் முதலுதவி ஆள். மருத்துவமனையே அனுப்பி வைத்தது. முதல் நாள் மைதானத்துக்குப் போகும்வரை நான் நம்மூர்க் கால்பந்து என்றுதான் நினைத்திருந்தேன்.

பெயரில்தான் ஃபுட்பால். காலுக்கு வேலை எப்போதாவதுதான். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. எதிரணி தடுக்க வேண்டும். ஒவ்வொரு மோதலும் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். முடிந்ததும் இரண்டு பக்கமும் வட்டமாகக் கூடி, ஏதோ நாட்டின் ராணுவ ரகசியம் போலக் குசுகுசுவென்று பேசிவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி வரிசை கட்டுவார்கள். அந்த அரை நிமிடத்தை நம்பித்தான் நூற்றிமுப்பது கிலோ ஆட்கள் இந்த விளையாட்டில் உயிரோடு இருக்கிறார்கள். அப்போதிருந்த கோச்சுக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், இடைவேளைகளில் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணியது நான்தான்.

அந்தக் கோச் பெயர் ஹார்லன். குழாய் விற்கும் கம்பெனியில் பெரிய பதவி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஆடியவர். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஆட்டத்தை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், விரலை நீட்டுவார். ஆள் தேர்வு நாளன்று வரிசையாக நிற்கும் இளைஞர்களின் தோளையும் பிடரியையும் அமுக்கிப் பார்ப்பார், பக்ரீதுக்கு ஆடு வாங்க வந்தவர் போல. அவருடைய வியூகம் ஒன்றே ஒன்று. கனத்த ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்தி, நேராக முட்டித் தள்ளிக்கொண்டு போவது. இரண்டு கஜம், மூன்று கஜம், மறுபடி இரண்டு கஜம். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் மற்ற கிளப்புகளும் அதே மாதிரி முட்டிக்கொண்டிருந்ததால் நான்கு வருடம் ஜெயித்தார். அதைத் தன் மூளை என்று நினைத்துக்கொண்டார்.

முருகேசன் அந்தக் கனத்த ஆட்களில் ஒருவன். பரமக்குடி. துபாயின் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஊரில் கல்லூரியில் பளுதூக்கியவன். ஏதோ ஜிம்மில் ஹார்லன் கண்ணில் பட்டு இங்கே வந்து சேர்ந்தான். இந்த ஆட்டத்தின் விதிகள் அவனுக்குப் பாதிதான் தெரியும். தெரிந்த பாதி போதும் என்பது கோச்சின் கருத்து. எதிரே நிற்பவனைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பிலும் கிடங்கிலும் அவன் பலத்தைப் பார்க்க ஆள் இல்லை. இங்கே இருநூறு பேர் கத்தினார்கள். ஒரு தரம் என்னிடம் சொன்னான், வாரத்தில் அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது என்று. மூட்டுக்குப் பட்டை ஒட்டும்போது, ஊசி போடும்போது ஊர்க்கதை பேசுவோம். தமிழ் பேச அந்த மைதானத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

பிறகு ஷார்ஜாவிலிருந்து ஒரு புது அணி லீக்கில் சேர்ந்தது. பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். சூடானியர், ஃபிலிப்பினோக்கள், லெபனான்காரர்கள், ஓட்டப்பந்தயம் ஓடின இரண்டு மலையாளிகள். எங்கள் ஆட்கள் பக்கத்தில் அவர்கள் நின்றால் கொடிக்கம்பம் மாதிரி இருந்தார்கள். கோச் ரமோன் என்று ஒரு ஃபிலிப்பினோ, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். சத்தம் போட்டே பேசமாட்டார். அவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் ஹார்லன் சிரித்தார். பாவம், நம் ஆட்கள் யார் எலும்பையும் உடைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னார்.

அது ஜனவரி, நல்ல குளிர். அந்த ஆட்கள் நடுவில் நெருங்கி நிற்கவே இல்லை. மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் பரந்து நின்றார்கள். எங்கள் கனவான்களும் வேறு வழியில்லாமல் பரந்து நிற்க வேண்டியதாயிற்று. அதைவிட முக்கியமானது, அவர்கள் வட்டம் கூடவில்லை. ஒரு மோதல் முடிந்து நடுவர் பந்தைக் கீழே வைத்தாரோ இல்லையோ, ரமோன் வெளியிலிருந்து ஒரு படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார், உடனே அடுத்தது. அது முடிந்த பத்தாவது விநாடி அடுத்தது. அவர்கள் ஆள் மாற்றாதவரை எங்களுக்கு ஆள் மாற்ற நேரம் கிடையாது. மாற்று வீரன் கோட்டோரத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றபடியே இருப்பான். உள்ளே ஓடினால் அவன் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடும்.

நாற்பத்தொன்றுக்குப் பத்து என்று தோற்றோம். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் முதலாவது முடிந்தபோதே எங்கள் முன்வரிசை முழுக்க முழங்காலில் கையூன்றி நின்றது. நாடி பிடித்துப் பார்த்தேன். மற்ற ஆட்டங்களில் அரை நிமிடத்தில் இறங்கும் துடிப்பு அன்று இறங்கவே இல்லை. குளிரில் இப்படியென்றால் வெயிலில் எப்படி என்று அப்போதே நினைத்தேன்.

அடுத்த பயிற்சி நாளில் ஹார்லனிடம் போய்ச் சொன்னேன். ஆட்களை முன்கூட்டியே சுழற்சியாக மாற்ற வேண்டும், ஓடும் பயிற்சி கொடுக்க வேண்டும், கொஞ்சம் எடை குறைந்தாலும் பரவாயில்லை என்று. அவர் கண்ணாடியைக் கழற்றாமல், நீ எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது. ஷார்ஜாக்காரர்கள் ஆடுவது ஆட்டமே இல்லை, வித்தை, ஒரு வருடத்தில் அலுத்துப்போகும் என்பது அவர் தீர்ப்பு. பெரிய கம்பெனியின் பெரிய அதிகாரி, எதிரி ஓடுகிறான் என்றதும் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? இன்னும் கனமான ஆட்கள். அந்தக் கோடை முழுக்க ஜிம் ஜிம்மாக அலைந்து ஆள் பிடித்தார். ஓடினால் எடை இறங்கிவிடும் என்று பயிற்சியில் ஓட்டத்தையே நிறுத்தினார். முருகேசனை மேலும் ஒன்பது கிலோ ஏற்றச் சொன்னார். அவனும் ஏற்றினான்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டமே ஷார்ஜாவோடு. செப்டம்பர் கடைசி வாரம். இரவு நேரத்தை வேறொரு கால்பந்துக் கிளப் எடுத்துக்கொண்டதால் எங்களுக்குக் கிடைத்தது நாலரை மணி. அந்த ஊரில் செப்டம்பர் நாலரை மணி என்றால் என்னவென்று இருந்தவர்களுக்குத் தெரியும். காரை விட்டு இறங்கிய நொடியில் மூக்குக் கண்ணாடி பனிமூட்டமாகிவிடும். காற்றைத் துணி மாதிரிப் பிழியலாம். என்னிடம் வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. ஆட்டத்தை நிறுத்த வேண்டிய எல்லைக்கு அரைப் புள்ளி கீழே காட்டியது. தள்ளிப்போடலாம் என்றேன். கீழே என்றால் கீழேதானே என்றார் ஹார்லன்.

ஜுபைலில் ஒரு எகிப்திய டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. வெயிலில் மூளை குழம்பி விழுந்தவனை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் ஐஸ் தண்ணீரில் இறக்கு. ஆஸ்பத்திரி அப்புறம், குளிர் முதலில். அதற்காகவே துபாயின் தேரா பகுதியில் மீன்காரர்கள் வைத்திருக்கும் பெரிய நீலத் தொட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பன்னிரண்டு மூட்டை ஐஸ். அன்றைக்குத் தொட்டியைக் கோட்டோரத்தில் வைத்தபோது ஹார்லன் விரலை நீட்டினார். அதைப் பார்த்தால் எதிரணிக்கு நாம் பயந்துவிட்டோம் என்று தெரிந்துவிடுமாம். சாமான் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். என் நடைக்கு எண்பது எட்டு தூரம். எட்டு வைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் வைத்தேன்.

இரண்டாவது கால்பகுதியில் ஷார்ஜா தொடர்ந்து பதினொரு தடவை பந்தைக் கிளப்பியது, இடையில் ஒரு மூச்சுக்கூட விடாமல். முருகேசன் நடுவில் மாட்டிக்கொண்டான். அவனுக்கு மாற்று ஆள் என் பக்கத்தில் துள்ளிக்கொண்டு நிற்கிறான், உள்ளே போக வழியில்லை. ஒரே ஒரு வழி, கோச் கை காட்டி ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது. அப்படி நிறுத்த ஒவ்வொரு பாதிக்கும் மூன்று உரிமை உண்டு. ஹார்லன் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. கடைசி நேரத்துக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பாதி முடிந்தபோது மூன்றும் அப்படியே மிச்சம் இருந்தன.

இடைவேளையில் முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்காரவில்லை, விழுந்தான்.

"என்ன செய்யுது மக்கா?" என்றேன்.

"கண்ணு ஒரு மாதிரி இருக்குண்ணே. எல்லாம் மங்கலாத் தெரியுது."

"தல வலிக்கா?"

"லேசா. ஒண்ணுமில்லண்ணே, தண்ணி குடுங்க, சரியாயிரும்."

இந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவனைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய், தோள் கவசத்தைக் கழற்றி, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வாயிலோ நெற்றியிலோ வைத்தால் அது பொய் சொல்லும். பத்து நிமிடம் ஆகும். நான் நிமிர்ந்து ஹார்லனைப் பார்த்தேன். அவர் கண்ணாடி எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. என்ன பிரச்சினை என்று கேட்டார். ஒன்றுமில்லை, தண்ணீர் கொடுக்கிறேன் என்றேன். முருகேசன் கழுத்தில் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைச் சுற்றினேன். இரண்டு பாட்டில் குடித்தான். திரும்பப் போனான். நான் அனுப்பினேன். ஹார்லனை இவ்வளவு கேலி பேசுகிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது கால்பகுதி. ஏழாவதோ எட்டாவதோ மோதல் முடிந்து எல்லோரும் அவசரமாக வரிசை கட்டினார்கள். முருகேசன் பந்தைத் தாண்டி எதிரணி பக்கம் போய், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். தன் அணியையே முட்டப் போகிறவன் மாதிரி குனிந்து கையை ஊன்றினான். பார்வையாளர்கள் சிரித்தார்கள். எங்கள் பெஞ்சிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஹார்லன் கெட்ட வார்த்தையில் கத்தினார். ஷார்ஜாவின் பந்தெறிபவன், ஒல்லியான ஒரு சூடானியப் பையன், அவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் பந்தைக் கிளப்பியிருந்தால் அவர்களுக்குச் சுலபமாக ஆறு புள்ளி கிடைத்திருக்கும். அவன் இரண்டு கையையும் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். அதற்குள் முருகேசன் மண்டியிட்டு, பக்கவாட்டில் சரிந்துவிட்டான்.

ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றி, கத்தரியால் பனியனையும் கவச நாடாக்களையும் வெட்டினேன். தோல் சுட்டது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "மூணாவது ரேக்குண்ணே, மூணாவது ரேக்கு" என்றான். கிடங்கில் இருந்தான் அவன்.

தூக்க ஆள் வேண்டும். எங்கள் அணியைத் திரும்பிப் பார்த்தேன். மலை மாதிரி பத்துப் பேர், எல்லோரும் முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வந்து குனிந்தார்கள், நிமிர முடியவில்லை. ஷார்ஜாக்காரர்கள் நான் கேட்காமலே வந்தார்கள். ஆறு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். நூற்றிநாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொடிக்கம்பங்கள் சாமான் அறைக்குப் பின்னால் வரைக்கும், எண்பது எட்டும், ஓடினார்கள். ஹார்லன் வித்தை என்று சொன்ன அந்த ஓட்டம்.

உடம்பின் வெப்பம் நாற்பத்தொன்று புள்ளி எட்டு டிகிரி செல்சியஸ். தொட்டியில் இறக்கி, அக்குளுக்கடியில் போர்வையைக் கொடுத்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தலைக்கு ஐஸில் நனைத்த துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தேன். கலக்காவிட்டால் உடம்பைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடாகிவிடும். ஆம்புலன்ஸ் வந்தது. உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். முப்பத்தொன்பதுக்குக் கீழே வராமல் தரமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. இடைவேளையில் பேச வேண்டிய குரல் அது, இருபது நிமிடம் தாமதமாக வந்தது.

நடுவில் ஹார்லன் எட்டிப் பார்த்தார். முருகேசனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். ஆட்டம் எப்போது தொடரும் என்று நடுவர் என்னிடம் கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னார். நடுவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. தொடர வழியும் இல்லை. ரமோன் தன் பிள்ளைகள் எல்லோரையும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, புல்லில் உட்கார வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டு நாள் மக்கர் பண்ணியது. மூன்றாம் நாள் தெளிந்தது. முதல் நாள் அவன் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். விளையாடும்போது மயங்கிவிட்டான், பயப்பட வேண்டாம் என்றேன்.

"என்ன வெளையாட்டு சார்?" என்றாள். "சனிக்கெழமையானா ஓவர்டைம்னுதான சொல்லுவாரு."

அவரே சொல்லுவார்மா என்று வைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். வீரர் முதலில் எப்போது உடல்நலக் குறை சொன்னார் என்று ஒரு கேள்வி. ஹார்லன் தன் படிவத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டார்: எப்போதும் சொல்லவில்லை. நானும் அதையே எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்று செயலாளர் இதமாகச் சொன்னார். எனக்கும்தான் நல்லது. முருகேசனுக்கு அந்த இடைவேளை நினைவிலேயே இல்லை. சாட்சி யாரும் கிடையாது.

நான் எழுதினேன்: இடைவேளையில் சொன்னார். கண் மங்கலாக இருக்கிறது என்றார். நான் வெப்பம் அளக்கவில்லை. கோச் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னேன். தொட்டி எங்கே இருந்தது, யார் சொல்லி அங்கே வைத்தேன், எத்தனை எட்டு என்பதையும் எழுதினேன். ஆட்டத்தை நிறுத்தும் உரிமை மூன்றும் மிச்சம் இருந்ததையும் எழுதினேன்.

எனக்கு அரை சீசன் தடை வந்தது. ஹார்லனுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் சும்மாவும் இருக்கவில்லை. எதிரணி அநியாய வேகத்தில் ஆடியதுதான் விபத்துக்குக் காரணம், ஒவ்வொரு மோதலுக்கும் நடுவே கட்டாய இடைவெளி வேண்டும் என்று லீக்குக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அதாவது, தன் ஆட்களுக்கு ஓடத் தெரியாததால் மற்றவர்கள் நடக்க வேண்டும். லீக் இரண்டு வரியில் முடியாது என்றது. ஆனால் கடிதத்தோடு சேர்ந்து என் படிவமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சீசனின் மறுபாதிக்கே புது விதி வந்தது. தொட்டி கோட்டோரத்தில்தான் இருக்க வேண்டும். மருத்துவ ஆள் கையைத் தூக்கினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த வீரன் வெளியே வர வேண்டும். கோச்சிடம் கேட்க வேண்டியதில்லை.

முருகேசன் அதற்குப்பின் ஆடவில்லை. லீவில் ஊருக்குப் போய் வந்தபின் ஒரு நாள் துபாயில் சத்வா பகுதி டீக்கடையில் அவனைச் சந்தித்தேன். யாரோ படிவத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்குண்ணே உங்களையும் மாட்டிவிட்டு எழுதுனீங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லையே" என்றான்.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு மக்கா" என்றேன். அவன்தான் டீக்குச் சொன்னான்.

தடை முடிந்து நான் திரும்பியபோது ஹார்லன் அதே கண்ணாடியோடு, அதே வியூகத்தோடு, இன்னும் கனமான ஆட்களோடு நின்றார். மார்ச் மாதம் ஷார்ஜா வந்தது. வெயில் அவ்வளவு இல்லை. ஆனால் அவர்கள் அப்படியே ஆடினார்கள், பரந்து நின்று, மூச்சு விடாமல். இரண்டாவது கால்பகுதியில் எங்கள் நடுத்தூண் ஒருவன், ஒரு தென்னாப்பிரிக்கன், நிமிர்ந்து நிற்கத் தடுமாறினான். கையைத் தூக்கினேன். விசில் ஊதியது. அவனை வெளியே கூட்டி வந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன். மறுபடி கை. மூன்றாவது தடவை ஹார்லன் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, என் அணியை நீ கொன்றுகொண்டிருக்கிறாய் என்றார். முதன்முறையாக அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கழற்றினார். சின்னக் கண்கள், பயந்த கண்கள். அவர் தோளுக்கு மேலாக மைதானத்தைப் பார்த்து நாலாவது தடவை கையைத் தூக்கினேன்.

ஐம்பத்தைந்துக்கு ஆறு. அந்தக் கிளப்பின் சரித்திரத்தில் அதைவிட மோசமாக யாரும் தோற்றதில்லை என்றார்கள். ஹார்லன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எங்கள் அணியின் பேருந்துக் கதவருகே நின்று ஏறுகிறவர்களை எண்ணினேன். முப்பத்தி நாலு பேர். முப்பத்தி நாலு பேரும் தங்கள் காலால் நடந்து வந்து ஏறினார்கள்.